ராஜா தேசிங்கு (1960 திரைப்படம்)

ராஜா தேசிங்கு 1960 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்த தமிழ் வரலாற்றுத் திரைப்படமாகும். செஞ்சிக் கோட்டையை ஆண்டு, 1714 இல் ஆற்காட்டு நவாபின் படையுடன் போரிட்டு இளம் வயதில் மடிந்த தேசிங்கு ராஜனின் கதையை அடிப்படையாகக் கொண்டது. டி. ஆர். ரகுநாத் இயக்கிய இப்படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன், பி. பானுமதி, எஸ். எஸ். இராஜேந்திரன், பத்மினி ஆகியோர் நடித்துள்ளனர். வணிக அளவில் இப்படம் வெற்றி பெறவில்லை. எனினும் இதன் பாடல்கள் இன்றளவும் விரும்பிக் கேட்கப்படுகின்றன.

தயாரிப்பு

கிருஷ்ணா பிக்சர்ஸ் நிறுவனத்தின் சார்பில் லேனா செட்டியார் இப்படத்தைத் தயாரித்தார். இதே நிறுவனம் 1956 இல் வெளியிட்ட மதுரை வீரன் பெரும் வெற்றி பெற்றிருந்தது. அப்படத்தில் பணியாற்றிய எம். ஜி. இராமச்சந்திரன், பானுமதி, பத்மினி, இசையமைப்பாளர் ஜி. இராமநாதன், எழுத்தாளர் கண்ணதாசன் ஆகியோர் இப்படத்திலும் இணைந்தனர். 1936 ஆம் ஆண்டிலும் இதே பெயரில் ஒரு தமிழ்த் திரைப்படம் வெளிவந்துள்ளது.

வரலாற்றுப் பின்னணி

எட்டாண்டுகள் நீடித்த முற்றுகைக்குப் பின் 1698 இல் செஞ்சிக் கோட்டை முகலாயர் வசமானது. பின்னர் புந்தேல இராசபுத்திரரான சொரூப்சிங் அங்கு கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டார். 1714 இல் அவர் இறந்தபின் மகன் தேஜ்சிங் பொறுப்பேற்றார். இப்பெயரே தமிழ் வழக்கில் தேசிங்கு என மருவியது. செலுத்த வேண்டிய நிலுவையைக் கேட்ட ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் மேலாண்மையை அவர் ஏற்கவில்லை. கோட்டை முகலாயப் பேரரசரால் நேரடியாகத் தம் குடும்பத்துக்கு வழங்கப்பட்டது என்பது அவருடைய வாதம்.

1714 அக்டோபரில் நடந்த போரில் தேசிங்கும் அவருடைய நண்பர் மகபத்கானும் உயிரிழந்தனர். தேசிங்கிடம் 350 குதிரை வீரர்களும் 500 காலாட்களும் இருந்தனர் என்றும், நவாபின் படையில் 8,000 குதிரை வீரர்களும் 10,000 சிப்பாய்களும் இருந்தனர் என்றும் பொதுவாகக் கூறப்படுகிறது. அப்போது தேசிங்கின் வயது 22 எனப்படுகிறது.

நாட்டுப்புறக் கதையும் திரைப்படமும்

திரைப்படம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இக்கதை தேசிங்கு ராஜன் கதை என்னும் கதைப்பாடலாகவும் தெருக்கூத்தாகவும் மக்களிடையே வழங்கி வந்தது. தில்லியில் எவராலும் அடக்க முடியாத குதிரையைத் தேசிங்கு அடக்குவது, சிங்கவரம் அரங்கநாதரிடம் போருக்கு விடை கேட்கையில் இறைவன் முகத்தைத் திருப்பிக் கொள்வது, நண்பன் தன் மணப்பந்தலை விட்டெழுந்து போர்க்களம் செல்வது ஆகியவை இம்மரபில் பெரிதும் போற்றப்படும் நிகழ்வுகள்.

திரைப்படத்தில் எம். ஜி. இராமச்சந்திரன் தேசிங்காகவும் தாவூத்கானாகவும் இரட்டை வேடம் ஏற்றார். வரலாற்றில் தாவூத்கான் என அறியப்படுபவர் தாவூத்கான் பன்னி ஆவார். அவர் சாதத்துல்லாகானுக்கு முன் கருநாடகப் பகுதியின் நவாபாக இருந்தவர். 1714 செஞ்சிப் போரில் அவருக்குப் பங்கில்லை. எனவே இரட்டை வேடத்தைச் சார்ந்த பகுதியைத் திரைக்கதையின் கற்பனையாகவே கொள்ள வேண்டும். இந்து மன்னனையும் இசுலாமிய வீரனையும் ஒரே நடிகர் ஏற்றமையால், கதைப்பாடலில் இரு நண்பர்களின் உறவில் வெளிப்படும் சமய நல்லிணக்கக் கருத்து படத்தில் வேறொரு வடிவமும் பெற்றது. நண்பரின் வேடத்தில் எஸ். எஸ். இராஜேந்திரன் நடித்தார்.

பார்வையாளர் வரவேற்பு

கதாநாயகன் இறுதியில் இறப்பதை எம். ஜி. இராமச்சந்திரனின் இரசிகர்கள் விரும்புவதில்லை என்பது அவருடைய படங்களைக் குறித்து அடிக்கடி சொல்லப்படும் கருத்தாகும். 1962 இல் வெளிவந்த பாசம், ராணி சம்யுக்தா ஆகிய படங்களும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆயினும் ராஜா தேசிங்கின் தோல்வியை இக்காரணம் ஒன்றினால் மட்டும் விளக்கிவிட இயலாது. மதுரை வீரன் படத்திலும் நாயகன் கொல்லப்படுகிறான். அப்படம் பல ஊர்களில் நூறு நாட்களைக் கடந்து ஓடியது. 1959 இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மனில் சிவாஜி கணேசன் ஏற்ற நாயகன் தூக்கிலிடப்படுகிறான்; அதுவும் பெரும் வரவேற்பைப் பெற்றது.

பிறமொழிப் போர்ப்படங்களிலும் இந்நிலையைக் காணலாம். அமெரிக்க மரைன் படை வீரர்களைப் பற்றிய சாண்ட்ஸ் ஆஃப் இவோ ஜிமா (1949) படத்தில் ஜான் வெய்ன் ஏற்ற நாயகன் போர் முடியும் தறுவாயில் சுட்டுக் கொல்லப்படுகிறான். அப்படம் வெற்றி பெற்றதுடன், வெய்னுக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் பரிந்துரையையும் பெற்றுத் தந்தது.

வெற்றி பெற்ற இம்மூன்று படங்களிலும் நாயகனின் சாவுக்கு ஓர் ஈடு உண்டு. மதுரை வீரன் இறந்தபின் தெய்வமாக வணங்கப்படுகிறான். கட்டபொம்மன் விடுதலைப் போரின் முன்னோடியாகப் போற்றப்படுகிறான். அமெரிக்கப் படத்தில் நாயகன் இறந்தாலும் மலையுச்சியில் கொடி ஏற்றப்படுகிறது. தேசிங்கின் கதையிலோ கோட்டையும் பறிபோகிறது, நண்பனும் மடிகிறான், மனைவியும் உடன்கட்டை ஏறுகிறாள். வீரத்தைத் தவிர வேறெதுவும் எஞ்சாத இம்முடிவு கூத்தில் விடிய விடியக் கேட்கத் தக்கதாக இருந்தாலும், திரையரங்கில் நாயகனின் வெற்றியை எதிர்பார்த்து அமர்ந்தவர்களுக்கு ஏற்புடையதாக இருந்திருக்காது எனக் கருத இடமுண்டு.

பாடல்கள்

ஜி. இராமநாதன் கருநாடக இசை இராகங்களின் அடிப்படையில் பாடல்களை அமைத்தார். சி. எஸ். ஜெயராமனும் பானுமதியும் பாடிய கல்யாணி இராகப் பாடல், சீர்காழி கோவிந்தராஜனும் ஜிக்கியும் பாடிய காதற்பாடல், திருமாலின் பத்துப் பிறவிகளைக் கூறும் எம். எல். வசந்தகுமாரியின் பாடல் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. படத்தைப் பார்த்திராதவர்கள் பலரும் இப்பாடல்களை அறிவர்.

செஞ்சியில் நினைவிடங்கள்

படம் வெளிவந்தபோது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த செஞ்சி, 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டு அவர் மனைவி உடன்கட்டை ஏறிய இடமாகக் கோட்டைக்குள் செட்டிக்குளத்தின் கரை காட்டப்படுகிறது. செஞ்சிக்கு அருகிலுள்ள நீலாம்பூண்டியில் மகபத்கானின் சமாதியும் குதிரையின் சமாதியும் உள்ளன. தேசிங்கின் மனைவியின் நினைவாகவே இராணிப்பேட்டைக்கு அப்பெயர் ஏற்பட்டது என்பதும் மரபுவழிச் செய்தியாகும். 2025 சூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியர் கால இராணுவ நிலத்தோற்றங்கள் என்னும் தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

செஞ்சிக் கோட்டை
தேசிங்கு ராஜன் கதை
மதுரை வீரன் (திரைப்படம்)
ஜி. இராமநாதன்