க்ரோன் எழுதிய கடிதங்கள்

2023 மார்ச்சில் சிகாமட்டில் வெள்ளம் ஏறியபோது, நான் வேலை பார்த்த இடத்தின் பம்ப் ரிப்போர்ட் மணிக்கு ஒரு தடவை மெயிலில் வந்துகொண்டே இருந்தது. ரோடு அடைபட்டு வீட்டிலேயே மாட்டிக்கொண்ட எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் அதைப் போனில் திறந்தார். நீர்மட்ட வரைபடம் இன்ன கோப்பில் இருக்கிறது என்று சாய்கோடுகள் போட்ட ஒரே ஒரு வரி. "தம்பி, இத வச்சு நான் என்னப்பா பண்றது?" என்றார். அந்த வரியை எழுதியவன் நான்தான்.

நானாகக் கண்டுபிடித்த முட்டாள்தனம் இல்லை அது. பழைய பழக்கம்.

1979-இல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே க்ரோன் உண்டு. நிமிடத்துக்கு ஒரு தடவை விழிக்கும், அட்டவணையைப் பார்க்கும், நேரம் வந்த வேலையை ஓட்டிவிட்டுத் திரும்பத் தூங்கும். பிற்பாடு லினக்ஸில் பரவியது 1987-இல் பால் விக்ஸி எழுதிய க்ரோன். வேலை எதையாவது அச்சிட்டால், அட்டவணையின் சொந்தக்காரருக்கு அது கடிதமாகப் போகும். அச்சிடவில்லையென்றால் கடிதமும் இல்லை. அந்தக் காலத்தில் சொந்தக்காரர் பெரும்பாலும் அதே கணினிக்குள் இருந்துதான் கடிதத்தைப் படிப்பார். கோப்பின் பாதையைச் சொன்னால் போதும். தோட்டத்துக் கிராணி, "செக்ரோல் அலமாரியில இருக்குங்க" என்று ஆபீசுக்குள் நிற்கும் துரையிடம் சொல்வது மாதிரி. துரை கோலாலம்பூரில் இருந்தால் அந்தப் பதிலை வைத்து என்ன செய்வார்?

அட்டவணையில் 'மெயில்டூ' என்று ஒரு வரி சேர்த்தால் கடிதம் எந்த ஊருக்கும் போகும். பாதை மட்டும் கணினிக்குள்ளேயே நின்றுவிட்டது.

எங்கிருந்தும் திறக்கிற முகவரி வேறு பக்கமிருந்து வந்தது. 1989-இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முன்மொழிவில் தொடங்கி, 1994 டிசம்பரில் ஆர்எஃப்சி 1738 என்ற ஆவணத்தில் இணைய முகவரியின் வடிவம் வரையறுக்கப்பட்டது. எனக்குப் பிடித்தது அதன் பின்னிணைப்புதான். நீளமான முகவரி வரி மடங்கி உடைந்துபோகலாம், வாக்கியத்தின் முற்றுப்புள்ளி அதோடு ஒட்டிக்கொள்ளலாம் என்று அப்போதே யோசித்து, முகவரியைக் கோண அடைப்புக்குள் வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

இதெல்லாம் தெரியாமல் நான் முதலில் எச்டிஎம்எல் டேக் போட்டு அழகாக ஒரு லிங்க் எழுதினேன். அண்ணனுக்கு டேக் அப்படியே எழுத்தாகப் போய்ச் சேர்ந்தது. கடிதம் தன் வகை என்ன என்று அறிவிக்கும் வசதி 1992-இல் மைம் வந்ததிலிருந்தே இருக்கிறது. ஆனால் எங்கள் சர்வரிலிருந்த க்ரோன், தன் கடிதத்தை வெறும் எழுத்து என்றுதான் அனுப்பும். அடுத்து முகவரியை அப்படியே எழுதினேன். 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கும் முகவரி! என் மேசையில் ஜோராகத் திறந்தது. அண்ணனின் போனிலோ அது அந்தப் போனையே தேடிக்கொண்டிருந்தது. திரும்பவும் அலமாரிக் கதைதான்.

கடைசியில் சர்வரின் முழுப்பெயரோடு, தனி வரியில், கோண அடைப்புக்குள் முகவரியை வைத்தேன். டேக் எதுவும் வேண்டியிருக்கவில்லை. மெயில் செயலியே அதை அடையாளம் கண்டு நீலமாக்கிவிட்டது. வெளியிலிருந்து திறக்க விபிஎன் தேவை. அதை அண்ணனின் போனில் போட்டுக்கொடுக்க அரை நாள் ஆனது.

பழைய பாதை வரியையும் நான் அழிக்கவில்லை. இரவு ஷிப்டில் சர்வர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கும் பையன், "அதுதாண்ணே எனக்கு ஈசி" என்கிறான்.