ஊர் கூடி இழுத்த தேர்: கல்லீரல் மாற்று சிகிச்சையின் கதை

தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வரும் சாலை பொறையாரைத் தாண்டி, நண்டலாற்றைக் கடந்ததும் பூவம் வந்துவிடும். அதுவரை தமிழ்நாடு. அங்கிருந்து காரைக்கால். 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி, இன்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டு. எல்லையில் ஒரு சோதனைச்சாவடி. அது எதற்காக என்று டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இந்தப் பக்கம் மது விலை குறைவு, அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு உறுப்பு இருக்கிறது. கல்லீரல்! அது கெட்டால் என்ன செய்வது? நம் பாட்டிமார்களைக் கேட்டால் கீழாநெல்லி என்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு அதைச் சோதித்து, நோபல் பரிசு பெற்ற பாரூச் பிளம்பெர்க்குடன் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் கட்டுரை எழுதியது. ஹெபடைடிஸ் பி கிருமிக்கு எதிராக நல்ல பலன் தெரிந்ததாக அதில் சொல்லப்பட்டது. பின்னால் மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிடைக்கவில்லை. அது எப்படியோ, ஈரல் முழுதும் சுருங்கிக் கல்லாகிப் போனவருக்கு மூலிகையும் மாத்திரையும் உதவாது. அவருக்கு ஒரே வழி வேறொருவரின் ஈரல்.

மாற்று அறுவை சிகிச்சை என்றதும் நம் மனதில் வருவது முகமூடி அணிந்த ஒரு சர்ஜனின் படம்தான். பத்திரிகைகளும் அவர் படத்தைத்தான் போடுகின்றன. ஆனால் இந்த சிகிச்சையின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறு விஷயம் தெரிகிறது. இது திருவாரூர்த் தேர் மாதிரி. வடம் பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஒரு பக்கம். யார் ஒருவர் கை விட்டாலும் தேர் நகராது.

தனி ஆளாகத் தோற்ற கதை

1963 மார்ச் 1ஆம் தேதி அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல் உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையைச் செய்தார். நோயாளி, பித்தநாளம் இல்லாமல் பிறந்த மூன்று வயதுக் குழந்தை. ரத்தப்போக்கை நிறுத்த முடியாமல் மேசையிலேயே குழந்தை இறந்தது. தொடர்ந்து செய்தவர்களும் சில வாரங்களைத் தாண்டவில்லை. ஸ்டார்சல் தானாகவே நிறுத்திக்கொண்டார். 1967இல் மீண்டும் தொடங்கியபோதுதான் ஒரு குழந்தை ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்தது.

இங்கே தோற்றது கத்தி மட்டும் அல்ல. ரத்தம் உறைய வைக்கும் பொருட்களைத் தயாரிப்பதே கல்லீரல்தான். அதை எடுத்துவிட்டால் ரத்தம் உறையாது. எனவே மயக்க மருந்து நிபுணரும் ரத்த வங்கியும் சர்ஜனுக்குச் சமமாக நிற்க வேண்டும். புது ஈரலை உடல் ஏற்காமல் தாக்கும்போது, அது நிராகரிப்பா, கிருமித் தொற்றா என்று திசுவைப் பார்த்துச் சொல்ல நோய்க்குறியியல் நிபுணர் வேண்டும். இரண்டுக்கும் மருத்துவம் நேர் எதிர்! ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க வேண்டும், மற்றதற்குக் குறைத்தால் ஆள் போய்விடுவார்.

இதைச் சீக்கிரம் புரிந்துகொண்டவர்களில் இருவர் இங்கிலாந்துக்காரர்கள். கேம்பிரிட்ஜில் ராய் கால்ன் என்ற சர்ஜன். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் 1966இல் கல்லீரல் பிரிவைத் தொடங்கிய ரோஜர் வில்லியம்ஸ் என்ற மருத்துவர். கால்ன் 1968இல் ஐரோப்பாவின் முதல் கல்லீரல் மாற்று அறுவைகளில் இறங்கினார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரே திட்டமாக நடத்தினார்கள். யாருக்கு மாற்று தேவை, எப்போது தேவை, அறுவைக்குப் பிறகு எப்படிக் காப்பது என்பதை மருத்துவர் பார்த்தார். அறுவையை சர்ஜன் பார்த்தார். இன்று உலகம் முழுக்க இருக்கும் கல்லீரல் மையங்களின் அடிப்படை இந்தக் கூட்டணிதான்.

அடுத்த திருப்பம் சைக்ளோஸ்போரின் மருந்து. ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது. 1983இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, கல்லீரல் மாற்று இனி பரிசோதனை அல்ல, சிகிச்சை என்று அறிவித்தது. முதல் அறுவைக்குப் பிறகு இருபது ஆண்டுகள்!

சந்தையில் விற்ற சிறுநீரகம்

இந்தியாவில் உறுப்பு மாற்றின் வெற்றிக் கதை வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் நடந்த சிறுநீரக மாற்றில் தொடங்குகிறது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் வேறொன்றும் வளர்ந்தது. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தேவை அதிகம், அளிப்பு குறைவு, இடையில் தரகர். கடன்பட்ட ஏழைகள் சிறுநீரகத்தை விற்றார்கள். சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் வந்தது.

இதைத் தடுக்கத்தான் 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். மூளைச்சாவு என்பது சட்டப்படி மரணம். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மத்திய சட்டம் எல்லா மாநிலங்களிலும் தானாக அமலாகவில்லை. 1995 பிப்ரவரியில் கோவா, இமாசலப் பிரதேசம், மகாராஷ்டிரா ஆகிய மூன்று மாநிலங்களிலும் எல்லா யூனியன் பிரதேசங்களிலும் முதலில் நடைமுறைக்கு வந்தது. அதாவது பூவத்தில் சட்டம் இருந்தது, ஆற்றின் எதிர்க்கரையில் இல்லை! தமிழ்நாடு அதே ஆண்டில் பின்னர் ஏற்றுக்கொண்டது.

ஆனால் சட்டம் மட்டும் என்ன செய்யும்? 2004 சுனாமி இந்தக் கரையோரம் முழுவதையும் அடித்துப் போட்டது. சென்னை எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவக் குடும்பங்களின் பெண்கள் பலர் சிறுநீரகத்தை விற்றிருந்தது 2007 ஜனவரியில் வெளியே வந்தது. தொழில் போய், கடன் ஏறி, தரகரிடம் போய் நின்றவர்கள் அவர்கள். விற்பனையைத் தடை செய்தால் மட்டும் போதாது, உறுப்பு நேர்மையாகக் கிடைக்க ஒரு வழியும் செய்ய வேண்டும் என்பதை அந்தச் செய்தி உணர்த்தியது.

காஞ்சிபுரத்துக் குழந்தை

இடையில் கல்லீரலில் ஒரு சாதனை நடந்தது. 1998 நவம்பரில், இரண்டு வயதுகூட நிரம்பாத காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு டெல்லி அப்போலோ மருத்துவமனையில் அப்பாவின் ஈரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் கல்லீரல் மாற்று இதுதான். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டது! வெட்டிய ஈரல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடும் என்பதால்தான் உயிரோடு இருப்பவர் ஈரல் தர முடிகிறது. ஆனால் நோயே இல்லாத ஒருவரை மேசையில் படுக்க வைக்கிறோம். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? எனவே மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் முறை அவசியமானது.

2008: பதினொரு நிமிடம்

அந்த முறையைத் தமிழ்நாடு உருவாக்கிய ஆண்டு 2008. அதற்கு முன்பே டாக்டர் சுனில் ஷ்ராஃப் 1997இல் சென்னையில் தொடங்கிய மோகன் ஃபவுண்டேஷன், மருத்துவமனைகள் தங்களுக்குள் உறுப்புகளைப் பகிர்ந்துகொள்ள வைத்திருந்தது. 2008இல் அரசு தொடர்ச்சியாக ஆணைகள் போட்டது. அந்த செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற 15 வயது மாணவன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். அவன் பெற்றோர் இருவரும் டாக்டர்கள். உறுப்புகளைத் தானம் செய்தார்கள். போலீசார் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட, இதயம் சென்னையைக் குறுக்கே கடந்து 11 நிமிடத்தில் முகப்பேர் போய்ச் சேர்ந்தது. 9 வயதுச் சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. தமிழ்நாடே பேசியது. பின்னர் சினிமாவும் வந்தது.

ஆனால் உணர்ச்சி சில நாளில் வடிந்துவிடும். வடியாமல் நின்றது அதன் பின் வந்த ஏற்பாடு. சென்னை மருத்துவக் கல்லூரியின் ரத்தநாள அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஜெ.அமலோற்பவநாதன் ஒருங்கிணைப்பாளராக, 2008 அக்டோபர் முதல் திட்டம் நடந்தது. எந்த மருத்துவமனையில் மூளைச்சாவு உறுதியானாலும் அவருடைய அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும். காத்திருப்போர் பட்டியல் ஒன்று. மாநிலம் வடக்கு, தெற்கு, மேற்கு என்று மூன்று மண்டலம். அரசு மருத்துவமனைகளுக்கு முன்னுரிமை. பணம் இருப்பவர் பட்டியலைத் தாண்டக் கூடாது. பிரேதப் பரிசோதனைக்காக உடல் காத்துக் கிடக்கும் நிலையும் சரிசெய்யப்பட்டது.

நேரத்தை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். எடுத்த இதயம் ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும். கல்லீரல் 12 மணி நேரம் வரை. அதற்குள் குடும்பத்தின் சம்மதம், போலீஸ் அனுமதி, ரத்தப் பிரிவு பொருத்தம், வண்டி, எதிர்முனையில் தயாராக ஒரு நோயாளி, ஒரு அறுவை அரங்கு என்று எல்லாம் நடக்க வேண்டும். கிடங்கில் வைக்க முடியாத, விலை போட முடியாத ஒரு பொருளுக்கான விநியோக முறை இது! இந்த ஏற்பாடு 2014இல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக, சுருக்கமாக டிரான்ஸ்டான் ஆக மாறியது.

ஸ்டான்லியும் கிளியனூரும்

2009 இந்தக் கதையில் முக்கியமான ஆண்டு. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர்.சுரேந்திரன் தலைமையிலான குழு கல்லீரல் மாற்று செய்யத் தொடங்கியது. தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளில் அதுதான் முதல். தனியார் மருத்துவமனையில் பல லட்சம் ஆகும் சிகிச்சை ஏழைக்கும் கிடைத்தது. அதே ஆண்டு வந்த அரசு காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் இந்தப் பாதையை அகலப்படுத்தின.

அதே 2009இல் லண்டன் கிங்ஸ் மருத்துவமனையின் முறை சென்னைக்கு வந்தது. கொண்டுவந்தவர் டாக்டர் முகமது ரேலா. மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூர்க்காரர், ஸ்டான்லியில் படித்தவர். 1991இல் கிங்ஸில் சேர்ந்து, 1997இல் பிறந்து 5 நாளே ஆன குழந்தைக்குக் கல்லீரல் மாற்றி கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர். சென்னை குளோபல் மருத்துவமனையில் கல்லீரல் மையத்தை அமைத்து, பின்னர் 2018இல் குரோம்பேட்டையில் தன் பெயரிலேயே மருத்துவமனை தொடங்கினார். ரோஜர் வில்லியம்ஸ் 1966இல் போட்ட விதை காவிரி டெல்டாக்காரர் ஒருவர் கை வழியாக இங்கே வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

குடித்தவனுக்குக் கொடுக்கலாமா?

குழு என்பது அறுவை அரங்கில் மட்டும் அல்ல. அதற்கு முன்பே ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டியிருக்கிறது. கல்லீரல் மருத்துவர், சர்ஜன், மயக்க மருந்து நிபுணர், மனநல மருத்துவர், உணவு ஆலோசகர், செவிலியர், ஒருங்கிணைப்பாளர். அங்கே எழும் மிகக் கடினமான கேள்வி பூவம் சாலையில் நிற்பவர்களும் கேட்கும் கேள்விதான். குடித்துக் கெடுத்துக்கொண்டவருக்கு இன்னொருவரின் ஈரலைக் கொடுக்கலாமா?

ஆறு மாதம் குடியை விட்டால்தான் பட்டியலில் சேர்ப்போம் என்பது பல இடங்களில் விதி. ஆனால் மதுவால் ஈரல் கடுமையாக அழற்சி கண்டவர்கள் பலர் ஆறு மாதம் உயிரோடு இருப்பதில்லை. பிரான்சின் லீல் நகரத்து மருத்துவர் பிலிப் மாத்துரின் தலைமையில் 2011இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. மருந்துக்குக் கட்டுப்படாத 26 பேருக்குக் காத்திருக்காமல் மாற்று செய்தார்கள். ஆறு மாதம் கழித்து 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். செய்யப்படாத ஒப்பீட்டுக் குழுவில் 23 சதவீதம்தான். இதில் கவனிக்க வேண்டியது, அந்த 26 பேரைத் தேர்ந்தெடுத்த விதம். செவிலியர் முதல் சர்ஜன் வரை எல்லோரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். குடும்பத்தின் துணை இருக்கிறதா, மீண்டும் குடிப்பாரா என்பதை ரத்தப் பரிசோதனை சொல்லாது. நோயாளியுடன் பேசிப் பழகியவர்கள்தான் சொல்வார்கள்.

தேர் இன்னும் நிலைக்கு வரவில்லை

குறைகளும் நிறையவே உண்டு. மூளைச்சாவு அடைந்து தானம் தருபவர்களில் பெரும்பாலோர் இருசக்கர வாகன விபத்தில் சிக்கிய சாதாரண மக்கள். பெறுவதில் பணம் உள்ளவர்களின் பங்கு அதிகம் என்ற விமர்சனம் ஆரம்பம் முதலே இருக்கிறது. உயிரோடு ஈரல் தருபவர்களில் மனைவியரும் தாய்மாரும்தான் அதிகம், அதற்காக யாரும் அவர்களுக்கு விழா எடுப்பதில்லை. உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பர் 23 அன்று தமிழக முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தது நல்ல தொடக்கம்.

பூவத்துக்காரருக்கு இன்னொரு சிக்கல். தமிழக அரசின் காப்பீடு தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்குத்தான். ஆற்றின் தென்கரையில் இருக்கும் அட்டைக்கு அது பொருந்தாது. உறுப்புக்காகப் பதிவு செய்ய அந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடாது என்று மத்திய அரசு 2023இல் சொன்னது. காரைக்காலில் 2016இல் ஜிப்மர் கிளை மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனால் சென்னை ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம். மாற்று செய்தவர் வாழ்நாள் முழுதும் மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி சென்னைக்குப் போவதென்றால் ஏழைக்கு முடியுமா?

வடத்தின் ஒரு முனையை சென்னையில் நிபுணர்கள் பிடித்திருக்கிறார்கள். மறுமுனையை ஊரில் பிடிக்க, நோயை நேரத்தோடு கண்டு அனுப்பும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரும், மாத்திரையை நினைவூட்டும் செவிலியரும், குடியிலிருந்து மீட்கும் ஆலோசகரும் வேண்டும். டென்வரில் 1963இல் கற்ற பாடம்தான் இது. கத்தி எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், சுற்றி ஆள் இல்லாவிட்டால் நோயாளி பிழைப்பதில்லை.