வாரம் ஓர் அத்தியாயம்: ‘என் சரித்திரம்’ தொடரும் இதழ் வணிகமும்

முன்னுரை

உ. வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’, ஆனந்த விகடன் வார இதழில் 1940 சனவரி 6 முதல் தொடராக வெளிவந்தது. தொடங்கும்போது அவருக்கு வயது 85ஐ நெருங்கியிருந்தது. 1942 ஏப்ரல் 28 அன்று அவர் மறைந்ததால், தொடர் 122 அத்தியாயங்களோடு நின்றது. இன்று இது ஓர் இலக்கியச் செல்வம். ஆனால், விற்பனையை நம்பி நடந்த ஓர் இதழுக்காக வாரந்தோறும் எழுதப்பட்டது அது. தொழில் வளர்ச்சிக்கு எழுத்து எவ்வாறு துணை நிற்கும் என்பதை அறிய விரும்புவோருக்கு இத்தொடரின் வரலாறு நல்ல பாடமாகும்.

விளம்பரத் தொழிலிலிருந்து இதழுக்கு

திருத்துறைப்பூண்டியில் 1904இல் பிறந்த எஸ். எஸ். வாசன், விளம்பரம் சேகரித்துத் தரும் தொழிலும் அஞ்சல்வழி வணிகமும் செய்துவந்தார். 1926இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ஆனந்த விகடனை 1928இல் விலைக்கு வாங்கினார். மாத இதழாக இருந்த விகடன் பின்னர் வார இதழாயிற்று. நகைச்சுவை, தொடர்கதை, பரிசுப்போட்டி ஆகியவற்றால் விற்பனை பெருகியது. அடுத்த வாரமும் வாசகர் கடையில் இதழைக் கேட்டு வாங்க வேண்டும். இதழின் பிழைப்பு அதில்தான் இருந்தது. அவ்விதழின் ஆசிரியராக விளங்கிய கல்கி, ஐயரின் வாழ்க்கை வரலாற்றைத் தொடராக வெளியிட ஆர்வம் காட்டினார்.

நூல் விற்ற பதிப்பாசிரியர்

சந்தை என்பது ஐயருக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டபோது அவர் கும்பகோணம் கல்லூரியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த தமிழாசிரியர். அச்சுக்கூலிக்கும் காகிதத்துக்கும் பணம் வேண்டும். ஆகவே நூல் வாங்க விரும்புவோரிடம் முன்னதாகவே கையொப்பம் பெறும் முறையை நாடினார். பழந்தமிழ் நூல்களை அதிகம் அறியாத வாசகருக்கும் பொருள் விளங்கும் வகையில் முகவுரை, நூலாசிரியர் வரலாறு, கதைச்சுருக்கம் ஆகியவற்றையும் தம் பதிப்புகளில் சேர்த்தார்.

அரியலூரும் குன்னமும்

ஐயரின் தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர். அரியலூர் ஜமீனின் ஆதரவைப் பெற்றவர். இராமாயணக் கதை சொல்லிக் குடும்பத்தைக் காத்தவர். பிழைப்பைத் தேடி அக்குடும்பம் ஊர் மாறிக்கொண்டே இருந்தது. அரியலூரில் சிறுவன் சாமிநாதனுக்குத் தமிழ்ச்சுவையை ஊட்டியவர் சடகோபையங்கார். இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்டார். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்வதற்கு முன் அவர் பெற்ற அடிப்படைக் கல்வி பெரும்பாலும் இந்த வட்டாரத்துக்குரியது.

அந்தக் கிராமத்து ஆசிரியர்கள் பலரும் பட்டமோ பதவியோ இல்லாதவர்கள். வாரந்தோறும் பக்கங்களை நிரப்ப வேண்டிய ஓர் இதழின் தேவை அவர்களுடைய பெயர்களை அச்சில் ஏற்றியது.

எழுத்துப் பழக்கங்கள்

முதலாவது, சேமிப்பு. தமக்கு வந்த கடிதங்களையும் குறிப்புகளையும் ஐயர் பல்லாண்டுகள் பாதுகாத்தார். எழுத உட்காரும்போது செய்தி கைவசம் இருந்தது.

இரண்டாவது, சிறு கட்டுரைப் பயிற்சி. 1930களில் கலைமகள் போன்ற இதழ்களில் தாம் கண்டதையும் கேட்டதையும் சிறு கட்டுரைகளாக எழுதினார். ‘புதியதும் பழையதும்’, ‘நல்லுரைக்கோவை’, ‘நினைவு மஞ்சரி’ ஆகிய தொகுப்புகள் அவ்வாறு அமைந்தவை. பெருந்தொடருக்கு அவையே ஒத்திகையாயின.

மூன்றாவது, துணை. அவருடைய மாணவரான கி. வா. ஜகந்நாதன் எழுத்துப்பணியில் உதவினார். முதுமையிலும் வாரத் தவணை தவறாமல் இருக்க இத்தகைய உதவி தேவைப்பட்டது.

நான்காவது, அளவு. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தனித்தலைப்பு உண்டு. உள்ளே சிறுதலைப்புகளும் உண்டு. முந்தைய வாரம் படிக்காதவரும் ஓர் அத்தியாயத்தைத் தனியே படித்துச் சுவைக்கலாம்.

ஐந்தாவது, உண்மை விவரம். ஊர், ஆள், உணவு, கடன், பாட்டு என எதையும் பெயர் சொல்லியே எழுதினார். தம் வறுமையை மறைக்கவும் இல்லை. அதைக் காட்டி இரக்கம் தேடவும் இல்லை.

இன்றைய சிறுதொழிலுக்கு

அரியலூரில் விதைக்கடையோ பெரம்பலூரில் அச்சகமோ நடத்துபவர் ஐயரைப் போலப் புலவராக வேண்டியதில்லை. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை அன்றன்றே குறித்துவைக்கலாம். வாரத்தில் ஒரு நாளை எழுத்துக்கு ஒதுக்கலாம். ஒரு கட்டுரையில் ஒரே செய்தியைச் சொல்லலாம். மக்காச்சோளத்தில் படைப்புழுவை எப்படிக் கண்டறிவது என்று தெளிவாக எழுதினால், அதைப் படித்துப் பயன்பெற்ற உழவர் விதை வாங்கும்போது அந்தக் கடையை நினைத்துக்கொள்வார். ‘எங்களிடம் வாங்குங்கள்’ என்று பத்து முறை எழுதினால் அந்த நினைவு வராது.

முடிவுரை

மணிமேகலைப் பதிப்பு 1898இல் வெளிவந்த காலத்தை ஒட்டி ‘என் சரித்திரம்’ நின்றுவிடுகிறது. ஐயரின் பிந்தைய நாற்பது ஆண்டுகள் அதில் இல்லை. 1950இல் அது நூலாக வெளிவந்தது. முழு வரலாற்றையும் எழுதி முடித்த பிறகே வெளியிடுவது என்று அவர் காத்திருந்தால், இந்த 122 அத்தியாயங்களும் அவர் வாழ்நாளில் வாசகர் கைக்கு வந்திருக்கமாட்டா. வாரம் ஒன்றாக எழுதியதால்தான் சடகோபையங்காரையும் விருத்தாசல ரெட்டியாரையும் இன்று நாம் பெயர் சொல்லி அறிகிறோம்.