பாவ்நகரி மிளகாயும் பழைய பாவும்

மும்பையில் எந்த ஹவுசிங் சொசைட்டி பார்ட்டிக்குப் போனாலும் இப்போ ஒரு ஐட்டம் தவறாம தட்டில் வந்துடுது. பெரிய பச்சை மிளகாயைக் கீறி, உருளைக்கிழங்கும் சீஸும் அடைச்சு, மேலே ரொட்டித்தூள் தூவி, ஓவனில் மொறுமொறுன்னு சுட்டது. பசங்க இதை 'மெக்சிகன் ஸ்டார்ட்டர்'ங்கறாங்க. ஊரிலிருந்து வந்திருக்கற பெரியவங்க "இது நம்ம சாப்பாடு இல்லப்பா"ன்னு தள்ளி வச்சுட்டு, தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் இருக்கான்னு கேட்கறாங்க. ரெண்டு கட்சியும் பேசறது ஒரே செடியைப் பத்தி!

பேரையே பாருங்க. மிளகு + காய். மிளகு மாதிரி காரமான காய். புதுசா வந்தவனுக்கு, ஏற்கெனவே தெரிஞ்சவன் பேரை ஒட்டுப்போட்டுக் கூப்பிட்டிருக்கோம். அகநானூற்றில் முசிறித் துறைக்கு யவனர்கள் பொன்னோடு வந்து 'கறி'யோடு திரும்பின சேதி இருக்கு. கறின்னா மிளகு. சங்கப் பாட்டு எதிலும் மிளகாய் கிடையாது. இருக்கவும் முடியாது.

1492-ல் கொலம்பஸ் கப்பல் ஏறினப்போ தேடிப்போன சரக்குகளில் மிளகும் ஒண்ணு. கரீபியன் தீவுகளில் கிடைச்சது மிளகாய். அதையும் மிளகுக் கணக்கிலேயே எழுதி வச்சுட்டார். ஆங்கிலத்தில் இன்னிக்கும் ரெண்டுமே 'பெப்பர்'தான். 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார், 1510-ல் கோவா போர்த்துகீசியர் கைக்குப் போச்சு. அவங்க கப்பலோடு மிளகாயும் இறங்கிச்சு. அது பரவின வேகத்தைப் பாருங்க: ஜெர்மனியின் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542-ல் மூலிகைகளைப் பத்திப் போட்ட புத்தகத்தில் மிளகாய்க்குக் 'கள்ளிக்கோட்டை மிளகு'ன்னு பேர். அம்பதே வருஷத்தில் ஐரோப்பாக்காரனே அதை நம்ம கரைச் சரக்குன்னு நினைச்சுட்டான்.

நாமும் மறந்துட்டோம். வருஷத்தில் ஒரு நாள் தவிர. பல வீடுகளில் திவசத்தன்னிக்குச் சமையலில் மிளகாயே கிடையாது, மிளகுதான். உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைகோஸ், காரட் எதுவும் வாசப்படி தாண்டாது. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, அவ்வளவுதான். ஏன்னு கேட்டா "வழக்கம்"னு பதில் வரும். போனவங்களுக்கு அவங்க அறிஞ்ச சாப்பாட்டைப் போடறோம்ங்கறதுதான் எனக்குத் தோணற விளக்கம். அன்னிக்கு ஒரு நாள் நம்ம அடுப்படி 1500-க்கு முன்னாடி போய்ட்டு வருது. பூரி ஜகன்னாதர் கோயில் மடப்பள்ளியிலும் உருளை, தக்காளி, பச்சை மிளகாய் சேர்க்கறதில்லை.

இப்போ அந்த ஸ்டார்ட்டர் தட்டுக்கு வருவோம். மேலே தூவின ரொட்டித்தூள் எங்கேர்ந்து வந்தது? கோவாவில் போர்த்துகீசியர் போட்ட அடுப்பிலிருந்து. ஈஸ்ட்டுக்குப் பதிலா கள்ளு ஊத்திப் புளிக்க வச்ச ரொட்டி. அந்த பேக்கரிக்காரங்க பம்பாய்க்கு வந்து கடை போட்டாங்க; போர்த்துகீசிய 'பாவ்' மராத்தியிலும் 'பாவ்' ஆச்சு. 1543-ல் ஜப்பானில் இறங்கின போர்த்துகீசியர் அங்கேயும் அதே சொல்லை விட்டுட்டு வந்தாங்க. அங்கே ரொட்டிக்கு 'பான்'. சூப்பர் மார்க்கெட்டில் 'பான்கோ'ன்னு காஸ்ட்லியா விக்கற ரொட்டித்தூள் நம்ம பாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான் :-) உள்ளே அடைச்ச உருளைக்கிழங்குக்கு மராத்தியில் 'படாடா', அதுவும் போர்த்துகீசிய வார்த்தை.

மிளகாய், படாடா, பாவ். மூணையும் சேர்த்தா வேற என்ன ஞாபகம் வருது? வடாபாவ்! 1966-ல் தொடங்கின சிவசேனை, தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கறாங்கன்னு கொடி பிடிச்சது. 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' கோஷத்தை மாதுங்காவிலும் செம்பூரிலும் பழைய ஆட்கள் இன்னும் மறக்கலை. உடுப்பி ஓட்டல் இட்லிக்குப் போட்டியா மண்ணின் மைந்தர் பலகாரமா வடாபாவைத் தூக்கிப் பிடிச்சாங்க. அதில் இருக்கற மூணு பேரும் கப்பலேறி வந்தவங்க. விரட்டப் பார்த்த இட்லியில் இருந்த உளுந்து இந்த மண்ணிலேயே பிறந்தது. யார் வந்தேறின்னு பருப்புகிட்டயும் காய்கிட்டயும் கேட்டா கோஷம் போட்டவங்களுக்குத்தான் தர்மசங்கடம்.

மிளகாய்க்குள்ளே அடைக்கறதும் புதுசில்லை. மெக்சிகோவில் ஒரு வகை இருக்கு, 'சிலே என் நொகாடா'ன்னு பேர். இறைச்சியும் பழமும் அடைச்ச மிளகாய் மேல் வால்நட் சாஸ், அதுக்கு மேல் மாதுளை முத்து. கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு. 1821-ல் விடுதலை கிடைச்சப்போ புவெப்லா நகரத்துக் கன்னிமடத்தில் தளபதி இதுர்பிதேவுக்காகச் செஞ்சதுன்னு கதை சொல்றாங்க. நம்ம பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி செய்யற 'சாண்ட்கி மிர்ச்சி'யும் அடைச்ச மிளகாய்தான். வெந்தயம், பெருங்காயம், உப்பு வச்சு வெயிலில் காய வச்சது. நம்ம மோர்மிளகாய்க்கு நேர் சம்பந்தி.

செய்யறவங்களுக்காக: பஜ்ஜிக்குப் போடற பாவ்நகரி மிளகாய் 12 எடுத்துக்குங்க. நீளவாக்கில் கீறி, விதையோடு உள்ளே ஒட்டியிருக்கற வெள்ளைத் தசையையும் சுரண்டிடுங்க. காரம் உண்டாகறது அந்தத் தசையில்தான், விதையில் இல்லை. (அந்தக் காரம் நாக்கில் எந்த உணர்வியைத் தொடுதுன்னு கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் கிடைச்சது.) உப்பு தடவிக் கால் மணி நேரம் கவுத்து வச்சு, விட்ட தண்ணியைத் துடைச்சிடணும். இதை விட்டா மொறுமொறுப்பை மறந்துடுங்க. ரெண்டு உருளைக்கிழங்கு, துருவின சீஸ், கொத்தமல்லி, கூடவே சாண்ட்கி மசாலா மாதிரி வறுத்துப் பொடிச்ச வெந்தயம் ஒரு சிட்டிகை. ரெண்டு நாள் பழைய பாவை உதிர்த்து, ரெண்டு ஸ்பூன் எண்ணெயில் பிசிறி மேலே அழுத்தி, 200 டிகிரியில் இருபது நிமிஷம். ஓவன் இல்லாதவங்க ரொட்டித்தூளைத் தனியா பொன்னிறமா வறுத்துக்கிட்டு, அடைச்ச மிளகாயைக் கனமான தோசைக்கல்லில் சின்னத் தீயில் சுட்டு, இறக்கறப்போ தூவலாம். மூடி மட்டும் போடாதீங்க, ஆவி பட்டா எல்லாம் சொதசொதன்னு ஆயிடும்.