கண்ணாடிக் கதவும் ஆடும் குமிழும்

கண்ணாடி பதித்த அலமாரியில் முதலில் ஆட்டம் காண்பது பெரும்பாலும் குமிழ்தான். 4 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ கனக்கும். நாலடி உயரமும் ஒன்றேகால் அடி அகலமும் உள்ள நிலைக்கண்ணாடி மட்டுமே நாலரைக் கிலோ. எடையைக் கீல்கள் தாங்கினாலும், கதவை இழுக்கும் விசை முழுவதும் குமிழின் வழியேதான் போகிறது. கம்பம் பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் பருவங்களும் சேர்ந்துகொள்கின்றன. பங்குனி வெயிலில் சுருங்கும் மரம் ஐப்பசி மழையில் ஊதும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடக்க, ஆணித்துளை அகன்றுவிடும்.

பெரிய கண்ணாடி வீட்டுச் சாமானானது நெடுநாள் கதையல்ல. ஜெர்மானிய வேதியியலர் லீபிக் 1835இல் கண்டறிந்த வெள்ளிப்பூச்சு முறை பரவிய பிறகே அது மெல்ல மெல்ல எட்டும் விலைக்கு வந்தது. அதன்பின் வந்த மர அலமாரிகளில், கதவுச் சட்டத்தில் காடி எடுத்துக் கண்ணாடியை உட்கார வைத்து, பின்னால் பலகை அடிப்பது வழக்கம். குமிழுக்கு மிஞ்சுவது இரண்டு மூன்று அங்குலச் சட்டம்தான்.

பழைய குமிழ்கள் கடைசல் மரத்தாலானவை. குமிழின் முளையைத் துளையில் செருகி, வச்சிரம் தடவி இறுக்குவார்கள். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் ஈரத்தில் இளகும். குமிழ் கையோடு வந்துவிடும். தச்சர் அப்போது பழைய பசையைச் சுரண்டி, முளையின் நுனியை வாளால் கீறிக் குமிழை மீண்டும் செருகுவார். உட்புறமிருந்து கீறலில் ஆப்பு வைப்பார். நுனி விரிந்து துளையைக் கவ்விக்கொள்ளும். திருகாணிக் குமிழ் வந்தபின் ஆப்பின் வேலையைத் தீக்குச்சி ஏற்றது: மருந்து நீக்கிய குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளையில் திணித்து, காய்ந்ததும் திருகாணியை ஏற்றுவது. 1959இல் பெவிகால் வந்தபின் இது வீட்டாரே செய்யும் வேலையாயிற்று. இதில் ஆபத்து ஒன்றுதான்: நீளம் மிஞ்சிய திருகாணி சாய்வாக இறங்கினால் ரசத்தைக் கீறும், அல்லது கண்ணாடி விரிசல் விடும். கண்ணாடி பக்கத்திலேயே இருப்பதால், விவரம் தெரிந்தவர்கள் அங்கே சுத்தியலையும் எடுப்பதில்லை.

இதற்கிடையே இரும்பும் வந்தது. பம்பாயில் கோத்ரெஜ் 1923இல் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கில், 1950களின் இறுதியில் லோயர் கேம்ப் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் பரவிய ஊர்களில் வெல்டிங் பட்டறைகள் வந்தன. கண்ணாடி வைத்த இரும்பு பீரோ கல்யாணச் சீரில் இடம்பிடித்தது. அதில் மரமும் இல்லை, ஆப்புக்கு வேலையும் இல்லை. கைப்பிடியோடு சேர்ந்த சதுரக் கம்பி உள்ளே ஒரு தகட்டைத் திருப்ப, தகடு கதவைப் பிடிக்கும் மேல் கம்பியையும் கீழ் கம்பியையும் நகர்த்தும். சதுரத்தின் முனைகள் தேய்ந்தாலோ, அதைப் பிடிக்கும் சிறு திருகாணி தளர்ந்தாலோ கைப்பிடி தொங்கிவிடும். வெளியிலிருந்து எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை. கதவின் உட்புறத் தகட்டைக் கழற்றி, திருகாணியை இறுக்க வேண்டும். சதுரக் கம்பி தேய்ந்திருந்தால் பட்டறையில் மாற்ற வேண்டும்.

இன்றைய மரத்தூள் பலகை அலமாரியில் தீக்குச்சி வைத்தியம் அதிக நாள் நிற்பதில்லை. துளையைச் சுற்றியுள்ள தூள் உதிர்ந்துகொண்டே போகும். கதவின் மறுபக்கம் வரை துளைத்து, அகலமான வாஷர் வைத்து, நட்டு போல்ட்டால் இறுக்குவதுதான் அதற்கு நிற்கும் வழி.