சபராளி

தென்காசி, கடையநல்லூர் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் 'மச்சான் சபர்ல இருக்காவ' என்றால், ஆள் வெளிநாட்டில் சம்பாதிக்கிறார் என்று பொருள். அப்படிப் போனவர் சபராளி. 'சஃபர்' அரபுச் சொல். பயணம் என்று அர்த்தம். தொழிலாளி, உழைப்பாளியில் வரும் 'ஆளி' அதோடு ஒட்டிக்கொண்டது. முசாபரி பங்களா என்கிறோமே, அந்த முசாபரும் இதே வேரில் பிறந்தவர்தான்.

முசாபர் ஓரிரவு தங்கிக் கிளம்புகிறவர். சபராளிக்கோ அது ஆண்டுக்கணக்கு. முப்பது வருடம் போனாலும் ஊர் அவரைப் பயணத்தில் இருப்பவராகவே வைத்திருக்கிறது. இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்ததே அந்தப் பிடிவாதம்தான்.

சிலருடைய பயணம் குடியேற்றமாகவே மாறியது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கடையநல்லூர்க் குடும்பங்கள் திரளாக வாழ்ந்தன. அங்கே 1941இல் உருவான கடையநல்லூர் முஸ்லிம் லீக், 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1982 வரை அது நடந்தது.

வளைகுடா சபராளிக்கு அந்த வாய்ப்பு அநேகமாக இல்லை. அங்கே குடியுரிமை எட்டாத கனி. குற்றாலச் சாரலுக்கு லீவு கேட்டு, ஐந்தருவியில் தலையை நனைத்துவிட்டுத் திரும்புகிறார். 2010 சட்டத் திருத்தம் அவருக்கு இங்கே வாக்குரிமை தந்தது. ஆனால் சொந்தத் தொகுதிக்கு நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். விமானக் கட்டணத்துக்கே ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பவருக்கு இது பேருக்குத்தான் உரிமை.