குவாண்டம் பின்னல்: ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு துகள், ராஜபாளையத்தில் ஒரு துகள் - இரண்டும் ஒத்துப்போவது எப்படி?

"பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு துகள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன", "ஒளியைவிட வேகமாகத் தகவல் போகிறது" - குவாண்டம் பற்றிய செய்திகளில் இப்படிப்பட்ட வரிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். இதில் முதல் வரி அரைகுறை உண்மை. இரண்டாவது வரி தவறு.

ஆனால் இதன் பின்னால் இருக்கும் உண்மை சாதாரணமானது அல்ல. 2022-ம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு இதற்காகத்தான் கொடுக்கப்பட்டது. இந்தியாவும் இதை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் போட்டிருக்கிறது.

அப்படி என்னதான் நடக்கிறது?

குவாண்டம் பின்னல் என்றால் என்ன?

ஒரே மூலத்திலிருந்து இரண்டு ஒளித்துகள்களை, அதாவது போட்டான்களை, ஒன்றோடொன்று பிணைந்த நிலையில் உருவாக்க முடியும். இதை 'என்டாங்கில்மென்ட்' என்கிறார்கள். தமிழில் குவாண்டம் பின்னல் என்று சொல்லலாம்.

பிறகு ஒன்றை ஒரு பக்கமும் மற்றொன்றை வேறு பக்கமும் அனுப்பிவிட்டு இரண்டையும் அளந்து பார்த்தால், விடைகள் ஒத்துப்போகின்றன. இடையில் எவ்வளவு தூரம் இருந்தாலும் இந்த ஒத்திசைவு மாறுவதில்லை. இதற்குப் பெயர்தான் 'நான்லோகாலிட்டி', அதாவது இடம்சாராத் தன்மை.

செருப்பு ஜோடி மாதிரிதானே, இதுல என்ன அதிசயம்?

நியாயமான கேள்வி. ஊருக்குக் கிளம்பும்போது ஒற்றைச் செருப்பை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டீர்கள். ராஜபாளையத்தில் பையைத் திறந்தால் இடது கால் செருப்பு. அந்த நொடியே வீட்டில் கிடப்பது வலது கால் செருப்பு என்று தெரிந்துவிடும். இதில் மாயம் எதுவும் இல்லை. எது எங்கே என்பது கிளம்பும்போதே முடிவாகிவிட்டது.

ஐன்ஸ்டீன் நினைத்ததும் ஏறக்குறைய இதைத்தான். 1935-ல் பொடோல்ஸ்கி, ரோசன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், குவாண்டம் கோட்பாடு முழுமையானது அல்ல என்று அவர் வாதிட்டார். துகள்கள் தங்கள் விடையை ஒரு சீட்டில் எழுதியது போல முன்கூட்டியே சுமந்து செல்கின்றன, அந்தச் சீட்டைப் படிக்கத்தான் நமக்குத் தெரியவில்லை என்பதுதான் அந்த வாதம் போய்ச் சேரும் இடம்.

சுமார் 30 ஆண்டுகள் இது வெறும் தத்துவச் சண்டையாகவே இருந்தது. 1964-ல் வட அயர்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஜான் பெல், இதைச் சோதித்தே பார்க்கலாம் என்று கணக்கில் காட்டினார்.

ஜான் பெல் வைத்த பரீட்சை

பெல்லின் யோசனையை ஒரு விளையாட்டாகப் பார்ப்போம்.

விருதுநகர் மாவட்டம் கான்சாபுரத்தைச் சேர்ந்த ஓர் அக்காவும் தம்பியும் என்று வைத்துக்கொள்வோம். அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறார், தம்பி ராஜபாளையம் போகிறார். இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 12 கி.மீ. போன் கிடையாது.

ஒரே நேரத்தில் இருவருக்கும் ஆளுக்கொரு அட்டை தரப்படும். சிவப்பா பச்சையா என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்வார்கள். அட்டையைப் பார்த்து ஒவ்வொருவரும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சொல்ல வேண்டும். விதி இதுதான்:

- இருவருக்கும் சிவப்பு வந்தால், விடைகள் மாறுபட வேண்டும்.
- மற்ற மூன்று சூழல்களிலும் விடைகள் ஒன்றாக இருக்க வேண்டும்.

கிளம்பும் முன் கான்சாபுரத்திலேயே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசித் திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

"எது வந்தாலும் ஆம்" என்று பேசி வைத்தால், நான்கில் மூன்று சூழல்களில் ஜெயிக்கலாம். இருவருக்கும் சிவப்பு வரும்போது மட்டும் தோல்வி. சரி, சிவப்பு வந்தால் தம்பி மட்டும் 'இல்லை' என்று சொல்லட்டும் என்றால், அக்காவுக்குப் பச்சை வரும்போது மாட்டிக்கொள்வார்கள். காரணம், அக்காவுக்கு என்ன அட்டை வந்தது என்று தம்பிக்குத் தெரியாது.

எப்படிப் புரட்டிப் போட்டாலும், முன்கூட்டியே பேசி வைத்த எந்தத் திட்டமும் சராசரியாக 75 சதவீதத்தைத் தாண்டாது.

இப்போது ஆளுக்கொரு பிணைந்த போட்டானைக் கையில் கொடுத்துவிடுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போன்ற ஒரு வடிகட்டியில் போட்டானை விட வேண்டும். வடிகட்டியை எந்தக் கோணத்தில் திருப்புவது என்பதை அட்டையின் நிறம் சொல்லும். போட்டான் உள்ளே போனால் 'ஆம்', போகாவிட்டால் 'இல்லை'. கோணங்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், வெற்றி சுமார் 85 சதவீதம் வரை போகும் என்கிறது குவாண்டம் கணக்கு.

75-ஐத் தாண்டினால், ஐன்ஸ்டீனின் சீட்டு விளக்கம் செல்லாது. இதுதான் பெல்லின் பரீட்சை.

ரிசல்ட் என்ன ஆச்சு?

இதே கணக்கின் வெவ்வேறு வடிவங்களை விஞ்ஞானிகள் ஆய்வகங்களில் சோதித்தார்கள். 1972-ல் அமெரிக்காவில் ஜான் கிளாசரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மேனும் செய்தார்கள். 1982-ல் பிரான்ஸில் அலைன் ஆஸ்பெயின் குழு, துகள்கள் பறந்துகொண்டிருக்கும்போதே அளக்கும் கோணத்தை மாற்றியது. இரண்டிலும் ஜெயித்தது குவாண்டம் கோட்பாடுதான்.

2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கி.மீ இடைவெளியில், முந்தைய சோதனைகளின் முக்கிய ஓட்டைகளை எல்லாம் ஒரே சோதனையில் அடைத்தார்கள். 2017-ல் சீனாவின் மிசியஸ் செயற்கைக்கோள் 1,200 கி.மீ தூரத்துக்கு இதைக் கொண்டுபோனது. முடிவு மாறவில்லை.

கிளாசர், ஆஸ்பெ, ஆஸ்திரியாவின் ஆன்டன் ஸைலிங்கர் மூவரும் 2022-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஜான் பெல் 1990-லேயே இறந்துவிட்டார்.

அப்போ ஒளியைவிட வேகமா மெசேஜ் அனுப்பலாமா?

முடியாது. இங்குதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ராஜபாளையத்தில் தம்பி தன் நோட்டில் எழுதியதை மட்டும் பார்த்தால் 'ஆம்', 'இல்லை' என்று பாதிக்குப் பாதி, எந்த ஒழுங்கும் இல்லாமல் இருக்கும். அக்கா எந்தக் கோணத்தில் அளந்தாலும், அளக்காமலே விட்டாலும் அதில் ஒரு மாற்றமும் தெரியாது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒத்திசைவு தெரியும். அதற்கு பஸ் ஏற வேண்டும், இல்லையென்றால் போன் போட வேண்டும். இந்த இரண்டு ஊருக்கு இடையே ஒளி போவதற்கே ஒரு நொடியில் 25,000-ல் ஒரு பங்கு நேரம் ஆகும். அதை எந்தச் செய்தியும் முந்த முடியாது.

இதற்கு என்னதான் அர்த்தம்?

இங்கே விஞ்ஞானிகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

- அளப்பதற்கு முன் துகளுக்கு நிச்சயமான விடை என்று ஒன்றே கிடையாது என்பது ஒரு தரப்பு.
- விடை உண்டு, ஆனால் தூரத்தில் நடப்பது அதை உடனடியாகப் பாதிக்கிறது என்பது டேவிட் போம் 1952-ல் முன்வைத்த வழி.
- சாத்தியமான எல்லா விடைகளும் தனித்தனி உலகங்களில் நடக்கின்றன என்பது ஹியூ எவரெட் 1957-ல் வைத்த கருத்திலிருந்து வந்தது.
- எந்த அட்டை வரும் என்பதும் துகளின் விடையும் ஆரம்பத்திலேயே ஒன்றாகத் தீர்மானிக்கப்பட்டுவிட்டன என்று சொல்லும் சிலரும் உண்டு.

நான்கும் சோதனை முடிவுகளோடு ஒத்துப்போவதாகவே அவரவர் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் எதை எடுத்தாலும், நாம் இயல்பாக நம்பும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். பெல் நமக்கு வைத்துவிட்டுப் போன சிக்கல் இதுதான்.

தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் என்ன தொடர்பு?

சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஆர். சைமன், 2000-ம் ஆண்டில் ஒரு கணித அளவுகோலைத் தந்தார். இரண்டு ஒளிக்கற்றைகள் பிணைந்துள்ளனவா என்று கண்டுபிடிக்க உதவும் இது, உலகம் முழுக்க சைமன் அளவுகோல் என்றே அழைக்கப்படுகிறது.

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ.6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைகிறது.

2025 ஜூனில் டெல்லி ஐஐடியும் டிஆர்டிஓவும், பிணைந்த போட்டான்களைக் கொண்டு கேபிள் இல்லாமல் திறந்தவெளியில் 1 கி.மீட்டருக்கும் அதிகமான தூரத்துக்கு ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொண்டதாக அறிவித்தன. வேகம் நொடிக்கு சுமார் 240 பிட். பிழை 7 சதவீதத்துக்கும் கீழே.

இந்தப் பிழைக் கணக்குதான் இங்கே காவல்காரன். யாராவது நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்டால், போட்டான்களின் ஒத்திசைவு குலைந்து பிழை எகிறும். அந்தச் சாவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கலாம். நாளைக்கு வங்கிக் கணக்கு, ராணுவத் தகவல் ஆகியவற்றின் பூட்டாக இது மாறக்கூடும். இதற்குப் பெல்லின் பரீட்சையையே பயன்படுத்தலாம் என்று 1991-ல் சொன்னவர் ஆர்தர் எகெர்ட்.

கவனிக்க வேண்டியது

'குவாண்டம் சிகிச்சை', 'குவாண்டம் தொடர்பில் தூரத்திலிருந்தே குணமாக்கல்' என்ற விளம்பரங்கள் வலம் வருகின்றன. பிணைந்த துகளைக் கொண்டு தூரத்துக்கு ஒரே ஒரு 'ஆம்'கூட அனுப்ப முடியாது என்பதை மேலே பார்த்தோம். அப்படியிருக்க, அதன் வழியே குணத்தை அனுப்புவதாகச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்கும் முன் ஒருமுறை யோசியுங்கள்.